கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை மென்பொருள்: ஆலைக்கு ஒரு கோட் நகல் இருக்கிறது, கிட்டுக்கு எப்படி மாறுவது?

காவேரிப்பட்டணம்_டெவ் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரியில் நான்கு பேர் கொண்ட சின்னக் குழு எங்களுடையது. சுற்றுவட்டார மாங்கூழ் ஆலைகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறோம். லோடு வந்தால் எடைமேடையிலிருந்து எடையை நேரடியாக எடுப்பது, பெங்களூரா, அல்போன்சா என்று ரகம் பிரித்து வரவு வைப்பது, கழிவு போக நிகர எடைக்கு விலை போட்டு விவசாயிக்கோ மண்டிக்கோ பட்டுவாடா ரசீது அடிப்பது, இவ்வளவுதான் வேலை. சி ஷார்ப், எஸ்க்யூஎல் சர்வர், ரசீதுகளுக்கு கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ்.

முதல் ஆலைக்கு எழுதியதை நகல் எடுத்து அடுத்த ஆலைக்கு மாற்றிக் கொடுத்தோம், அதை நகல் எடுத்து அதற்கடுத்த ஆலைக்கு. இப்போது ஆலைக்கு ஒரு ஃபோல்டர் இருக்கிறது. ஓர் இடத்தில் ரவுண்டிங் பிழையைச் சரி செய்தால் அதே மாற்றத்தை மற்ற எல்லா ஃபோல்டரிலும் கையால் செய்ய வேண்டும். யாரிடம் இருப்பது கடைசிப் பதிப்பு என்பதை வாட்ஸ்அப் குரூப்பில் போன ஜிப் கோப்பின் தேதியைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். சீசன் தொடங்கிவிட்டால் இரவு பகல் பாராமல் லாரிகள் வரிசையில் நிற்கும். அந்த நேரத்தில் ஒரு ரசீதில் நிகர எடை குறைவாக விழுந்தால் அது ஒரு விவசாயியின் வருடம் முழுவதற்குமான வருமானத்தில் கை வைப்பது. அதனால் சீசனுக்கு முன்பே இதை ஒழுங்குபடுத்தியாக வேண்டும்.

கோட் மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கிட் எங்களுக்கு ஓரளவு தெரியும், மாற்றத்தைப் பதிவு செய்யும் கமிட், அதைப் பொது இடத்துக்கு அனுப்பும் புஷ் வரை. குழுவாக எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் குழப்பம். ஆலைக்கு ஒரு ரெப்போ, அதாவது கோடும் அதன் வரலாறும் இருக்கும் கிடங்கு, வைப்பதா, ஒரே ரெப்போவில் ஆலைக்கு ஒரு பிராஞ்ச், அதாவது தனிக் கிளை, வைப்பதா? ரெப்போவை இணையத்தில் வைக்கும் தளங்களான கிட்ஹப், கிட்லேப் இரண்டில் எது, அல்லது ஆபீஸிலேயே ஒரு சர்வரா? காசு கட்டாமல் எதுவரை போகலாம்? அப்புறம் எங்களில் ஒருவர் அஞ்செட்டிப் பக்கம், வீட்டில் சிக்னல் நிலையாக இருக்காது. சில ஆலைகளில் எடைமேடைக் கணினிக்கு இணையமே கிடையாது, பாதுகாப்புக்காக அவர்களே கொடுப்பதில்லை. அங்கே போய் வேலை செய்யும்போது என்ன செய்வது? அனுபவம் உள்ள அண்ணன்மார், அக்காமார் சொன்னால் உதவியாக இருக்கும்.


ஓசூர்க்காரன் பதில்:

தம்பி, எந்தத் தளம் என்பதைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். கிட்டில் ரெப்போவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுவது ரிமோட் முகவரியை மாற்றி மறுபடி புஷ் செய்யும் வேலைதான். ஆலைக்கு ஒரு நகல் என்ற அமைப்பை உடைப்பதுதான் உங்கள் உண்மையான வேலை, அதைச் செய்யாமல் கிட்டுக்குப் போனால் இப்போதுள்ள சிக்கல் அப்படியே கூட வரும்.

ஆலைக்கு ஒரு பிராஞ்ச் வேண்டாம், தனித்தனி ரெப்போ அறவே வேண்டாம். ஒரு வேலை முடியும் வரை தனியே வைத்திருந்து, முடிந்ததும் மெயின் என்கிற முதன்மைப் பிராஞ்சில் சேர்த்துவிட்டு அழித்துவிடத்தான் பிராஞ்ச். ஒருநாளும் சேரப்போவதில்லை என்று தெரிந்தே திறக்கிற பிராஞ்ச் உங்களுடைய இன்றைய ஃபோல்டர்தான், பெயர் மட்டும் வேறு.

ஆலைக்கு ஆலை என்னதான் மாறுகிறது என்று உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். கழிவு ஓர் ஆலையில் சதவீதமாக இருக்கும், இன்னோர் ஆலையில் டன்னுக்கு இத்தனை கிலோ என்று இருக்கும். அது கோட் இல்லை, ஒரு செட்டிங்ஸ் டேபிளில் இரண்டு வரி. எடைமேடையில் எடையைக் காட்டும் இண்டிகேட்டர் கம்பெனிக்குக் கம்பெனி வேறு மாதிரி எடையை சீரியல் போர்ட்டில் அனுப்பும், பாட் ரேட் (அனுப்பும் வேகம்) வேறு, எண்ணுக்கு முன்னும் பின்னும் வரும் எழுத்துகள் வேறு. இண்டிகேட்டர் வகைக்கு ஒரு கிளாஸ் எழுதி எல்லாவற்றையும் ஒரே இன்டர்ஃபேஸின் கீழ் கொண்டு வாருங்கள், எந்தக் கிளாஸ் என்பதை அந்த ஆலையின் செட்டிங்ஸ் சொல்லட்டும். ரசீதின் வடிவம் வேறா? ரிப்போர்ட் கோப்புகளை ஆலைப் பெயரில் தனி ஃபோல்டராக ஒரே ரெப்போவுக்குள் வையுங்கள். இப்படிப் பிரித்துக்கொண்டே வந்தால் உண்மையிலேயே கோட் வேறாக இருக்க வேண்டிய இடங்கள் விரல் விட்டு எண்ணும்படிதான் மிஞ்சும்.

இருப்பதை உள்ளே கொண்டுவர ஒரு வழி சொல்கிறேன், நான் பார்த்தவரை இதுதான் சுலபம். உங்களிடம் இருப்பதிலேயே பழைய நகலை எடுத்து முதல் கமிட் போடுங்கள். அந்தக் கமிட்டிலிருந்து ஒவ்வொரு ஆலைக்கும் தற்காலிகமாக ஒரு பிராஞ்ச் திறந்து, பழைய கோப்புகளை நீக்கிவிட்டு அந்த ஆலையின் கோப்புகளை அதே இடத்தில் வைத்து கமிட் செய்யுங்கள். இப்போது ‘கிட் டிஃப் --ஸ்டாட்’ போட்டால் எந்தெந்தக் கோப்பு எவ்வளவு மாறியிருக்கிறது என்று பட்டியல் வந்துவிடும். ‘-டபிள்யூ’ சேர்த்தால் வெறும் ஸ்பேஸ் மாற்றங்கள் காணாமல் போகும், உண்மையான வித்தியாசம் மட்டும் நிற்கும். கண்ணால் ஃபோல்டர் ஃபோல்டராகத் தேடினால் மாதக்கணக்கில் ஆகும் வேலை இது. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வித்தியாசத்தையும் செட்டிங்ஸாகவோ கிளாஸாகவோ மெயினுக்குக் கொண்டு வாருங்கள். ஓர் ஆலை முழுவதும் மெயினுக்கு வந்துவிட்டால் அதன் பிராஞ்சை அழித்துவிடலாம்.

எந்த ஆலையில் எந்தப் பதிப்பு என்பதற்கு டேக் இருக்கிறது. வெளியே கொடுக்கும் ஒவ்வொரு பதிப்புக்கும் ‘கிட் டேக் -ஏ’ போட்டு ஒரு எண் வையுங்கள். பில்ட் செய்யும்போது ‘கிட் டிஸ்கிரைப்’ தருகிற எண்ணை எடுத்து மென்பொருளுக்குள்ளேயே பதித்து, பட்டுவாடா ரசீதின் அடியில் சின்ன எழுத்தில் அச்சடித்துவிடுங்கள். நாளைக்கு ஒரு விவசாயி ரசீதோடு வந்து கணக்கு தப்பு என்றால், அந்தச் சீட்டு எந்தக் கோடிலிருந்து வந்தது என்று அங்கேயே தெரிந்துவிடும். ரவுண்டிங் பிழையைச் சரி செய்த கமிட்டின் எண்ணைக் கொடுத்து ‘கிட் டேக் --கன்டெயின்ஸ்’ கேட்டால் அந்தத் திருத்தம் எந்தெந்தப் பதிப்புக்குள் இருக்கிறது என்று சொல்லும். யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யாருக்குச் சேரவில்லை என்று வாட்ஸ்அப்பில் தேட வேண்டியதே இல்லை.


அரூர்_இணையம் பதில்:

ஓசூர் அண்ணன் சொன்னது சரி. ஆனால் தளத்தை அப்படி ஓரமாக வைத்துவிட முடியாது. நான்கு பேரும் மெயினுக்கு நேரடியாக புஷ் செய்ய முடிகிற மாதிரி விட்டால் எந்த ஒழுங்கும் முதல் வாரத்தோடு சரி. மெயினைப் பூட்ட வேண்டும், பூட்டு எந்தத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது என்பதில்தான் வித்தியாசமே.

கிட்ஹப்பில் 2020 ஏப்ரலிலிருந்து பிரைவேட் ரெப்போவுக்கு எத்தனை பேரை வேண்டுமானாலும் இலவசமாகச் சேர்க்கலாம். ஆனால் பிராஞ்ச் புரொடெக்‌ஷன், அதாவது மெயினுக்கு நேரடி புஷ் கூடாது, இன்னொருவர் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகே மெர்ஜ் (ஒரு பிராஞ்சை இன்னொன்றில் சேர்ப்பது) என்கிற விதி, இலவசக் கணக்கில் பப்ளிக் ரெப்போவுக்கு மட்டும்தான். பிரைவேட்டுக்கு வேண்டுமென்றால் காசு கட்ட வேண்டும். இது தெரியாமல் நிறைய பேர் செட்டிங்ஸில் தேடிக்கொண்டிருப்பார்கள். கிட்லேபில் இலவசக் கணக்கிலேயே பிரைவேட் ப்ராஜெக்ட்டின் மெயினைப் பூட்டலாம், மெர்ஜ் ரிக்வெஸ்ட் வழியாக மட்டும் சேர்க்கும்படி வைக்கலாம். ஒருவரின் ஒப்புதல் இல்லாமல் மெர்ஜே ஆகாது என்று கட்டாயப்படுத்துவது மட்டும் அங்கேயும் கட்டணத் திட்டத்தில்தான். பிரைவேட் குழுவுக்கு ஐந்து பேர் வரம்பு உண்டு, நீங்கள் நான்கு பேர் என்பதால் பரவாயில்லை, சீசனுக்கு இரண்டு பேரைக் கூடுதலாகச் சேர்த்தால் இடிக்கும்.

ஆபீஸ் சர்வர் என்றால், சொந்தமாக நிறுவிக்கொள்ளும் கிட் தள மென்பொருளான கிட்டீ அல்லது ஃபோர்ஜேயோ. கிட்டீ 2016இல் கோக்ஸ் என்ற திட்டத்திலிருந்து பிரிந்து வந்தது, ஃபோர்ஜேயோ 2022இல் கிட்டீயிலிருந்து பிரிந்தது. இரண்டும் கோ மொழியில் எழுதப்பட்டவை, ஒரு ராஸ்பெர்ரி பையில்கூட ஓடும், கிட்லேபைச் சொந்தமாக நிறுவினால் கேட்கிற ராமில் ஒரு சின்னப் பங்குகூட இவை கேட்பதில்லை. பிராஞ்ச் பூட்டு, கட்டாய ஒப்புதல், இஷ்யூ என்கிற வேலைக் குறிப்பு, எல்லாம் இலவசம். ஆனால் கரண்ட் போனால், டிஸ்க் போனால் யார் பொறுப்பு என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். கோட் ஒவ்வொருவர் கணினியிலும் முழுசாக இருக்கும், அது தப்பித்துவிடும். இஷ்யூக்களும் ரிவ்யூ பேச்சுகளும் கிட்டீயின் டேட்டாபேஸில் இருப்பவை, அவற்றுக்குத் தனியாக பேக்கப் எடுக்க வேண்டும். ‘கிட்டீ டம்ப்’ என்று அதற்கே ஒரு கட்டளை உண்டு. சிலர் கோடுபெர்க்கைச் சொல்வார்கள், அது ஜெர்மனியில் லாப நோக்கில்லாத சங்கம் நடத்துகிற ஃபோர்ஜேயோ தளம், நல்ல இடம், ஆனால் திறந்த மூல மென்பொருளுக்கானது. ஆலைகளுக்கு விற்கிற பூட்டிய கோடை அங்கே வைப்பது முறையில்லை.

என் கருத்து: உங்களுக்கு கிட்லேப் போதும். கிட்ஹப்தான் பழக்கம் என்றால் மெயினுக்கு புஷ் போவதைத் தடுக்க, புஷ்ஷுக்கு முன் தானாக ஓடும் ப்ரீ-புஷ் ஹுக் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி ரெப்போவுக்குள்ளேயே ஒரு ஃபோல்டரில் வைத்து, ஒவ்வொருவரும் ‘கோர்.ஹுக்ஸ்பாத்’ செட்டிங்கை அந்த ஃபோல்டருக்குத் திருப்பிக்கொள்ளுங்கள். வேண்டுமென்றே தாண்டுகிறவரை அது தடுக்காது, பழக்க தோஷத்தில் போகிற புஷ்ஷைத் தடுக்கும்.

இன்னொன்று, கிட்ஹப் 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட் வேலைகளுக்குப் பாஸ்வேர்டு ஏற்பதில்லை. டோக்கன் அல்லது எஸ்எஸ்ஹெச் கீ வேண்டும். ஆலை வைஃபையில் 22ஆம் போர்ட் அடைத்திருந்தால் கிட்ஹப்புக்கு 443 வழியாகவும் எஸ்எஸ்ஹெச் போகலாம், கான்ஃபிக்கில் ஹோஸ்ட் பெயரை மாற்ற வேண்டும். இதை ஆபீஸிலேயே சோதித்து வைத்துக்கொள்ளுங்கள், எடைமேடை அறையில் நின்றுகொண்டு தேடாதீர்கள்.


தகடூரான் பதில்:

தருமபுரியிலிருந்து எழுதுகிறேன். எனக்கு ஓசூர் நண்பர் சொன்னதில் உடன்பாடு இல்லை. வாடிக்கையாளருக்கு ஒரு பிராஞ்ச் என்று வைத்துப் பல வருடமாக நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், நடக்கவும் செய்கிறது. மெயினில் பொதுத் திருத்தம், அதை வாரம் ஒருமுறை ஒவ்வொரு வாடிக்கையாளர் பிராஞ்சுக்கும் மெர்ஜ் செய்வது, எதிர்த்திசையில் மெர்ஜ் கிடையாது. ஒரே கான்ஃப்ளிக்ட், அதாவது இரு பக்கமும் ஒரே இடத்தை மாற்றியதால் வரும் மோதல், திரும்பத் திரும்ப வந்தால் அதற்குத்தான் ‘ரெரெரெ’ இருக்கிறது. ஒருமுறை நீங்கள் தீர்த்த விதத்தை கிட் நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை அதே மாதிரி தானே தீர்த்துவிடும், கான்ஃபிக்கில் ‘ரெரெரெ.எனேபிள்ட்’ ஆன் செய்தால் போதும்.

சீசனுக்கு முன் எல்லாவற்றையும் செட்டிங்ஸாக மாற்று என்பது சொல்லச் சுலபம். ஓடிக்கொண்டிருக்கிற பணக் கணக்கு மென்பொருளின் கோடை மாற்றியமைப்பதில் (ரீஃபேக்டர்) இருக்கும் ஆபத்தை யாரும் பேசவில்லையே? நான்கு பேர், கையில் இருக்கும் நாட்கள் குறைவு. சீசன் முடியும் வரை பிராஞ்சுகளோடு போய், ஆகஸ்ட், செப்டம்பரில் நிதானமாக ஒன்றாக்கலாம்.

அப்புறம் கிட்ஃப்ளோ பற்றியும் படியுங்கள். பிராஞ்சுகளை நிர்வகிக்க வின்சென்ட் டிரீசன் 2010இல் எழுதிய முறை. அது பழசு, விட்டுவிடு என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் அவரே 2020இல் சேர்த்த குறிப்பில் தொடர்ந்து வெளியிடும் வலைச் செயலிகளுக்கு எளிய முறை போதும் என்றும், எண்ணிட்ட பதிப்புகளாக வெளியே போய்ப் பல பதிப்புகள் ஒரே நேரத்தில் புழங்கும் மென்பொருளுக்கு இது இன்னும் பொருந்தலாம் என்றும்தான் சொல்லியிருக்கிறார். ஆலை மென்பொருள் இரண்டாவது வகை.


ஓசூர்க்காரன் பதில்:

தகடூராரே, சீசனுக்கு முன் முழுவதும் மாற்ற வேண்டாம் என்பதை ஏற்கிறேன், நல்ல எச்சரிக்கை. கழிவுக் கணக்கு, இண்டிகேட்டர் இரண்டை மட்டும் இப்போது மெயினுக்குக் கொண்டுவந்து, மற்றதைச் சீசன் கழித்துப் பார்க்கலாம். ஆனால் பிராஞ்ச் முறை நிரந்தரமாக என்பதில் என் எண்ணம் மாறவில்லை. ரெரெரெ எழுத்தளவில் ஒத்துப்போகிறதா என்றுதான் பார்க்கும், கணக்கு சரியா என்று பார்க்காது. மெயினில் கழிவு கழிக்கும் வரிசையை மாற்றியிருப்போம், ஓர் ஆலை பிராஞ்சில் வேறொரு கோப்பில் பழைய வரிசையை நம்பி ஒரு கணக்கைச் சேர்த்திருப்பார்கள். மெர்ஜ் கான்ஃப்ளிக்டே இல்லாமல் முடிந்து கணக்கு தப்பாக வரும். கான்ஃப்ளிக்ட் வந்தாலாவது யாராவது திறந்து பார்ப்பார்கள், அமைதியாக முடிகிற மெர்ஜை யார் பார்ப்பது?

பைசெக்ட்டும் போய்விடும். ‘கிட் பைசெக்ட்’ என்பது நல்ல கமிட் ஒன்று, கெட்ட கமிட் ஒன்று காட்டினால் நடுவிலிருந்து பாதி பாதியாக வெட்டிப் பிழை எந்தக் கமிட்டில் நுழைந்தது என்று கண்டுபிடிப்பது. நூறு கமிட் இருந்தாலும் ஏழு சோதனைக்குள் பிடித்துவிடலாம். வரலாறு நேராக இருந்தால் இது மணியாக வேலை செய்யும். வாராவாரம் மெயினிலிருந்து மெர்ஜ் வாங்குகிற எட்டு பிராஞ்ச் இருந்தால், எந்த ஆலையின் வரலாற்றில் தேடுவது என்பதே முதல் கேள்வியாகிவிடும். கிட்ஃப்ளோவில் எனக்குப் பிடித்தது வெளியிடும் பதிப்புக்கென்று திறக்கிற ரிலீஸ் பிராஞ்ச் மட்டும். டெவலப் பிராஞ்ச், ஃபீச்சர் பிராஞ்ச், ஹாட்ஃபிக்ஸ் பிராஞ்ச் என்று நான்கு பேர் குழுவுக்கு அவ்வளவு சடங்கு தேவைப்படாது.


பாலக்கோடு_மண்டி பதில்:

நான் தக்காளி மண்டி பில்லிங் மென்பொருளில் வேலை செய்கிறேன், கிட்டத்தட்ட உங்கள் கருவிகளேதான். மேலே பேசியதெல்லாம் சரி, ஆனால் சி ஷார்ப், எஸ்க்யூஎல் சர்வர், கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் என்ற கூட்டணிக்கு முதல் நாளே வரும் தொல்லைகளை யாரும் சொல்லவில்லை.

எஸ்க்யூஎல் சர்வர் மேனேஜ்மெண்ட் ஸ்டுடியோவில் ஸ்கிரிப்ட் ஜெனரேட் செய்து யூனிகோட் என்று சேமித்தால் அது யூடிஎஃப்-16 கோப்பு. கிட் அதை பைனரி என்று எடுத்துக்கொள்ளும், டிஃப்பில் எந்த வரி மாறியது என்று காட்டாது. பட்டுவாடா கணக்கெல்லாம் டேட்டாபேஸுக்குள் இருக்கும் நிரலான ஸ்டோர்டு புரொசீஜரில்தான் இருக்கும், அதுவே தெரியவில்லை என்றால் ரிவ்யூ செய்வதில் அர்த்தமே இல்லை. யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள், தமிழ் எழுத்தும் கெடாது. அப்படியே வைத்திருக்க வேண்டிய கட்டாயம் இருந்தால் கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் ‘வொர்க்கிங்-ட்ரீ-என்கோடிங்’ என்று குறிக்கலாம், 2018இல் வந்த கிட் 2.18 முதல் அந்த வசதி உண்டு. அதே கோப்பில் ‘டெக்ஸ்ட்=ஆட்டோ’ போட்டுவிடுங்கள், இல்லையென்றால் ஒருவர் விண்டோஸ் வரிமுடிவு, இன்னொருவர் லினக்ஸ் வரிமுடிவு என்று முழுக் கோப்பும் மாறியதாகக் காட்டும். தமிழில் கோப்புப் பெயர் வைத்திருந்தால் கிட் ஸ்டேட்டஸில் எழுத்துக்குப் பதில் எண்களாக வரும், ‘கோர்.க்வோட்பாத்’தை ஃபால்ஸ் ஆக்கினால் தமிழ் தமிழாகவே தெரியும். இது சின்ன விஷயம்தான், ஆனாலும் நம் மொழியில் ரசீதுக்குப் பெயர் வைத்து அதை அப்படியே திரையில் பார்க்க முடிவது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஸ்கீமா (டேபிள் அமைப்பு) மாற்றங்களை எண்ணிட்ட ஸ்கிரிப்டுகளாக வைத்து, எதுவரை ஓடியது என்பதை ஆலையின் டேட்டாபேஸிலேயே ஒரு டேபிளில் குறித்துக்கொள்ளுங்கள். டேக் கோடுக்கு மட்டும்தான் பதில் சொல்லும், டேபிளில் ஒரு நெடுவரிசை குறைவது அதற்குத் தெரியாது.

கிரிஸ்டல் ரிப்போர்ட் கோப்பு முழுக்க பைனரி. இரண்டு பேர் ஒரே ரசீதைத் திருத்தினால் மெர்ஜ் செய்ய வழியே இல்லை, ஒருவர் வேலை போகும். கிட் எல்எஃப்எஸ் என்பதைப் பெரிய கோப்புகளுக்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், அதில் லாக் வசதியும் இருக்கிறது. அந்த வகைக் கோப்புகளை லாக்கபிள் என்று குறித்துவிட்டால் ‘கிட் எல்எஃப்எஸ் லாக்’ போடாத வரை உங்கள் கணினியில் ரீட்-ஒன்லியாக இருக்கும், ஒருவர் லாக் எடுத்திருக்கும்போது இன்னொருவர் எடுக்க முடியாது. நான்கு பேருக்கு இது கட்டாயம் என்பேன்.

பில்ட் செய்யும்போது உருவாகும் ‘பின்’, ‘ஓபிஜே’ ஃபோல்டர்கள், டேட்டாபேஸ் பேக்கப் கோப்புகள், இவையெல்லாம் முதல் கமிட்டுக்கு முன்பே, கிட் விட்டுவிட வேண்டியவற்றின் பட்டியலான கிட்இக்னோரில் இருக்க வேண்டும். உங்கள் ஃபோல்டர்களில் ஆலையின் பேக்கப் கோப்பு கண்டிப்பாகக் கிடக்கும். 50 எம்பிக்கு மேல் கிட்ஹப் எச்சரிக்கும், 100 எம்பி தாண்டினால் புஷ்ஷையே மறுக்கும். அடுத்த கமிட்டில் அழித்தாலும் பழைய கமிட்டில் இருக்கும், அதனால் மறுபடியும் மறுக்கும், கடைசியில் ‘கிட் ஃபில்டர்-ரெப்போ’ வைத்து வரலாற்றையே திருத்த வேண்டியிருக்கும். அளவைவிடப் பெரிய விஷயம், அந்தப் பேக்கப்பில் விவசாயிகளின் பெயர், போன், வங்கிக் கணக்கு எண் எல்லாம் இருக்கிறது. அது எந்தத் தளத்துக்கும் போகவே கூடாது. டேட்டாபேஸோடு இணைக்கும் கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கில் எஸ்ஏ என்கிற நிர்வாகிக் கணக்கின் பாஸ்வேர்டு இருந்தால் அதையும் வெளியே எடுத்து மாதிரிக் கோப்பு ஒன்றை மட்டும் கமிட் செய்யுங்கள். ஏற்கெனவே புஷ் ஆகிவிட்ட பாஸ்வேர்டு என்றால் அழித்துப் பயனில்லை, பாஸ்வேர்டையே மாற்ற வேண்டும்.

இணையம் இல்லாத ஆலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதலில், அந்த எடைமேடைக் கணினியில் சோர்ஸ் கோட் வைக்காதீர்கள், இன்ஸ்டாலர் மட்டும் போகட்டும். உங்கள் லேப்டாப்பில் முழு ரெப்போ இருக்கும், இணையம் இல்லாமலே கமிட், பிராஞ்ச், பழைய வரலாறு பார்ப்பது எல்லாம் நடக்கும், சிக்னல் வந்ததும் புஷ். அஞ்செட்டி நண்பருக்கும் இதே பதில்தான். முழு ரெப்போவையும் இறக்குகிற முதல் குளோன் ஒன்றுதான் அவருக்குச் சிரமம், நடுவில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது, முதலிலிருந்து வரும். அதற்கு ஆபீஸில் ‘கிட் பண்டில் கிரியேட்’ போட்டு முழு ரெப்போவையும் ஒரே கோப்பாக்கி பென்டிரைவில் கொடுத்துவிடுங்கள். அந்தக் கோப்பிலிருந்தே குளோன் செய்து, பிறகு ரிமோட்டை கிட்லேப் முகவரிக்கு மாற்றிக்கொண்டால் அதன்பின் வருவது சின்னச் சின்ன மாற்றங்கள் மட்டுமே.


காவேரிப்பட்டணம்_டெவ் பதில்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. குழுவோடு உட்கார்ந்து படித்தோம். ஒரே ரெப்போ, கிட்லேப், மெயின் பூட்டு என்று முடிவு. தகடூர் சார் சொன்னபடி சீசனுக்கு முன் கழிவுக் கணக்கும் இண்டிகேட்டரும் மட்டும், ஆலை பிராஞ்சுகள் செப்டம்பர் வரை இருக்கும். பாலக்கோடு சொன்ன யூடிஎஃப்-16 விஷயம் உண்மைதான், எங்கள் ஸ்டோர்டு புரொசீஜர் அத்தனையும் பைனரி என்றே காட்டியது, இப்போது மாற்றிவிட்டோம். பதிப்பு எண்ணை ரசீதில் அச்சடிப்பதற்கு ஆலைக்காரர்களும் சரி சொல்லிவிட்டார்கள்.

மெயினுக்கு முழுதாக வந்துவிட்ட ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். அங்கே 2.3 ஓடுகிறது, மெயின் அதைத் தாண்டிப் போய்விட்டது. இரவில் அங்கே போய் ஒரு பிழையைத் திருத்த வேண்டும், பாதி முடிந்த மெயினைக் கொடுக்க முடியாது. அப்போது எந்த வரிசையில் செய்வது?


ஓசூர்க்காரன் பதில்:

2.3 டேக்கிலிருந்து ஒரு ரிலீஸ் பிராஞ்ச் திறங்கள். நேரம் இருந்தால் திருத்தத்தை முதலில் மெயினில் செய்து ரிவ்யூ முடித்து, அந்த ஒரு கமிட்டை மட்டும் ‘கிட் செர்ரி-பிக் -எக்ஸ்’ என்று ரிலீஸ் பிராஞ்சுக்கு எடுங்கள். ‘-எக்ஸ்’ போட்டால் மூலக் கமிட்டின் எண் செய்தியிலேயே பதிந்துவிடும், இந்தத் திருத்தம் எங்கிருந்து வந்தது என்று பிறகு தேட வேண்டியதில்லை. லாரி நிற்கிறது, நேரமே இல்லை என்றால் ரிலீஸ் பிராஞ்சில் திருத்தி, 2.3.1 டேக் போட்டு ஆலையை ஓட வைத்துவிட்டு, மறுநாள் காலை முதல் வேலையாக மெயினுக்குக் கொண்டு வாருங்கள். கிளம்புவதற்கு முன்பே அதற்கு ஓர் இஷ்யூ திறந்து வைத்துவிடுங்கள், மெயினுக்கு வந்தால் மட்டுமே அதை மூட வேண்டும். இல்லையென்றால் 2.4 போடும் நாளில் அதே பிழை அதே ஆலைக்குத் திரும்பப் போகும். கமிட் எண்ணைக் கொடுத்து ‘--கன்டெயின்ஸ்’ கேட்கும்போதும் ஒன்றைக் கவனியுங்கள், செர்ரி-பிக் செய்தால் கமிட் எண் புதிதாகிவிடும், அதனால் இரண்டு எண்ணையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.


பாலக்கோடு_மண்டி பதில்:

இதோடு ஒன்று. ஆலையில் இருக்கும் நண்பருக்கு ஆபீஸிலிருந்து திருத்தத்தை அனுப்ப வேண்டும், அங்கே கிட்லேபை எட்ட முடியவில்லை என்றால் முழு பண்டில் தேவையில்லை. 2.3 டேக் முதல் ரிலீஸ் பிராஞ்சின் நுனி வரை என்று ரேஞ்ச் கொடுத்து பண்டில் போடுங்கள், சில கேபிதான் வரும், போனிலேயே அனுப்பி யூஎஸ்பி வழியாக லேப்டாப்புக்கு மாற்றிக்கொள்ளலாம். அங்கே ‘கிட் பண்டில் வெரிஃபை’ பார்த்துவிட்டு அந்தக் கோப்பிலிருந்தே ஃபெட்ச். ரேஞ்சின் தொடக்கம் அவருடைய லேப்டாப்பில் ஏற்கெனவே இருக்கிற டேக்காக இருக்க வேண்டும், இல்லையென்றால் முந்தைய கமிட் இல்லை என்று வெரிஃபையிலேயே நின்றுவிடும்.